இருப்பதிலேயே சிறிய பரப்பு

கியோட்டோவில் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. அதற்கு விண்ணப்பித்த ஒகினோவும் மிச்சிருவும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒகினோவுக்குத் தன்னுடையது மட்டும்தான் ஞாபகம்.

நேர்காணல் உரைக்கு முந்தின நாள் மதியம் மிச்சிரு தன் கணக்கை அவனிடம் நீட்டினாள்.

"ஒகினோ சான், ஒரு தடவ பாத்துடுங்களேன். உங்க கண்ணுக்குத் தப்புற தப்பே கிடையாது."

கணக்கு இதுதான்: கருந்துளை உள்ள ஒரு வெளி. அந்த வெளியின் விளிம்பில் தள்ளித் தள்ளி இரண்டு பட்டைகள். அவை ஒன்றோடொன்று எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதை, அவற்றின் ஓரங்களிலிருந்து உள்ளே சோப்புப் படலம்போல் தொங்கும் பரப்பை அளந்து சொல்லிவிடலாம். இருப்பதிலேயே சிறிய பரப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சிரு இரண்டு பட்டைகளையும் சேர்த்து ஒரே பரப்பாக இழுத்திருந்தாள். ஒகினோ ஒரு துண்டுத் தாளில் தனித்தனியாக இரண்டு பரப்பு போட்டுப் பார்த்தான். அதுதான் சிறியது. அப்படியானால் பட்டைகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, விடை பூஜ்யம். அவளுடைய இரண்டு வருஷ உழைப்பும் பூஜ்யம்.

சொன்னால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு கணக்கைத் தயார் செய்துவிடுவாள் என்று அவனாகவே முடிவுகட்டினான். தாளைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டான், பாவி.

"சுத்தமா இருக்கு. இப்படியே பேசுங்க."

மறுநாள் உரை முடிந்ததும் கை தூக்கினான்.

"இந்த விஷயத்துல நான் கத்துக்குட்டி, மன்னிக்கணும்..."

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் இந்தப் பணிவோடு ஆரம்பிக்கும் கேள்வி ஆளைச் சாய்க்காமல் விடாது.

"ரெண்டு பட்டைக்கும் தனித்தனியா பரப்பு போட்டுப் பாத்தீங்களா?"

மிச்சிரு கரும்பலகையில் நாலு வரி எழுதினாள். ஐந்தாவது வரியில் சாக்பீஸ் நின்றது. தடுமாறிப்போய்க் கணினியைத் தட்ட, திரையில் கடைசிப் பக்கம் வந்து விழுந்தது: 'ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த ஒகினோ அவர்களுக்கு நன்றி.'

தேர்வுக்குழுத் தலைவர் கனாய் திரும்பினார். "நீங்கதான் சரிபாத்தீங்களா?"

ஒகினோ திரையைப் பார்த்தான். அரை நொடிதான்.

"நான் பாத்தது வேற பிரதி சார். இத அப்புறமா சேத்திருப்பாங்க."

மிச்சிரு அவனையே பார்த்தாள். பூஜ்யம் வாங்கி நிற்பவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

"தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்க" என்று இடுப்பு வளையக் குனிந்தாள்.

வேலை ஒகினோவுக்குக் கிடைத்தது. செய்தி வந்த அன்று அவள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தப்ப எப்பப் பாத்தீங்க?"

வேலைதான் கைக்கு வந்துவிட்டதே, இனி எதற்குப் பொய்?

"அன்னிக்கே. நீங்க பக்கத்துல நிக்கும்போதே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, ஒகினோ சான். இந்த ஒரு கணக்க நம்பித்தான் விண்ணப்பமே போட்டேன். தப்புன்னு தெரிஞ்சிருந்தா நானே விலகியிருப்பேன்."

பெட்டியைத் தூக்கவாவது கை கொடுக்கலாமென்று எழுந்தான். வேண்டாம் என்றுவிட்டாள்.