அறுத்த கொல்லைக்குக் காவல்

அறுத்து முடித்த கொல்லையில் இன்னும் எதற்குக் காவல் என்று கேட்டுவிட்டால் இவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒற்றையடிப் பாதையில் டீ ஃபிளாஸ்க்கோடு ஏறி வரும் மகளைக் காவல் பரண் மேலிருந்து பார்த்ததும் மங்கம்மாள் அவசரமாகப் போர்வையை மடித்தாள். சாமை களத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பரணைச் சுற்றி அறுத்த கதிரின் வெறும் தாள்தான் நின்றது.

தேவயானி வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போனவள். சம்பளத்தில் பாதியை அறை வாடகை தின்றது. கன்னம் ஒட்டிப்போய்த் திரும்பி வந்தாள். வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் வந்தபோது சாமை கதிர் விட்டிருந்தது. பன்றிக் காவலுக்கு என்று சொல்லிக் கணவன் அர்ச்சுனனோடு மங்கம்மாளும் பரணுக்குக் கிளம்பினாள். மகளுக்கு இடம் விட்டுத்தான் வந்தாள். அதில் பொய் இல்லை.

ஆனால் முதல் நாள் விடியலில் கண் விழித்தபோது கீழே ஊரே இல்லை. பள்ளத்தாக்கு நிறையப் பனி நின்றது, பொங்கிய பால் அப்படியே நின்றுவிட்டது போல. வெயில் பட்டதும் அது சிவந்து மெல்ல அசைந்தது. மூச்சு விடவே அவளுக்குத் தயக்கமாக இருந்தது. இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். விடியும் நேரமெல்லாம் அவள் முகம் அடுப்பைப் பார்த்தே இருந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் தினமும் இவ்வளவு பெரியதா நடந்துகொண்டிருந்தது?

"இன்னாம்மா இது?" தேவயானி பரணடியில் நின்றாள். "எதுக்கு இன்னும் காவலு?"

"அறுத்துட்டோம்னு பன்னிக்கு யாரு சொன்னது?" என்றார் அர்ச்சுனன். "அது நம்பிக்கிட்டு வரும்."

"சும்மா இருப்பா. பொண்ணு வந்து அப்பன் ஆத்தாள வூட்ட வுட்டுத் தொரத்திட்டான்னு ஊரே பேசுது. நீங்க வரலன்னா நான் வாணியம்பாடிக்கே போய்டறேன்."

மங்கம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒட்டிய கன்னம் இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறது. உனக்காக இல்லை, எனக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று பெற்ற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

"மேல வா" என்றாள்.

தேவயானி முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினாள். மங்கம்மாள் அவள் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினாள். பனிக்குள்ளிருந்து ஒரு மலைமுடி எழுந்தது, பின்னால் இன்னொன்று. வெண்மைக்குள் எங்கோ ஒரு சேவல் கூவியது. ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ தேவயானியின் கையிலேயே ஆறியது.

வெகுநேரம் கழித்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"தினமும் இப்டிதானா?"

"தினமும் வேற வேற மாதிரி."

தேவயானி ஏணியில் கால் வைத்தாள். இறங்காமல் நின்றாள். குரல் தணிந்திருந்தது. "இன்னிக்கு ஒரு நாளாவது வூட்டுக்கு வாம்மா."

மங்கம்மாள் மிச்ச டீயைக் குடித்துவிட்டு ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மகளிடம் நீட்டினாள்.

"நான் வரல கண்ணு. நீ படி. நாளைக்கு டீயில சக்கரைய கொஞ்சம் கொறச்சிப் போட்டு எடுத்துட்டு வா."