மூன்றாவது இறக்கையின் நுனி

1

இந்தக் கதை இன்று காலை நான் எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. படத்தில் ஒரு ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்புகிறது. உள்ளே என் கணவர் ஆர்லன். ஒரு கன்னம் உப்பியிருக்கிறது. டோனட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவது அவர் வழக்கம். இங்கே பர்ன்ஸ் லேக் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஆகஸ்ட் வந்தால் காடு எரியும். அவர் பெரிய வாளியைத் தொங்கவிட்டு ஏரியில் தண்ணீர் மொண்டுபோய் நெருப்பின் மேல் கொட்டுவார்.

நான் பறவைகளைப் படமெடுத்துப் பிழைப்பவள். கதை எழுதுவதெல்லாம் குளிர்காலத்தில், வேறு வேலை இல்லாதபோது. இது குளிர்காலம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் படத்தில் ஹெலிகாப்டரின் மேலே சுழலும் மூன்று இறக்கைகளில் ஒன்று நுனிக்குப் பக்கத்தில் மடங்கியிருக்கிறது. ஆர்லன் இன்னும் திரும்பவில்லை.

பயமாக இருக்கிறது. இதை என் பெயரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் வெர்னா என்று ஒருத்தியை உண்டாக்கியிருக்கிறேன். அவளும் விமானியின் மனைவி, அவளும் படமெடுப்பவள். இனி பயப்படுவது அவள் வேலை.

2

தொடக்கம்:

"வெர்னா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவள் இதயம் ஒரு கணம்

வேண்டாம். இதயத்தை நிறுத்துவதும் வயிற்றைப் பிசைவதும் எல்லோரும் எழுதி முடித்தாகிவிட்டது. எனக்கு நடந்தது அதெல்லாம் இல்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். வெர்னாவும் கழுவட்டும்.

"வெர்னாவின் கணவன் கிளென்

கிளெனை அழித்துவிட்டேன். கதையில் ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் அவனுக்கு ஏதாவது நடந்தாக வேண்டும். கதைகளோடு எனக்கு இருக்கும் பெரிய சங்கடமே அதுதான். அவன் பெயரில்லாமல், ஒன்றும் நடக்காமல் இருக்கட்டும்.

3

வெர்னா ஒன்றும் அசடு இல்லை. கேமரா எப்படிப் பொய் சொல்லும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் படத்தை ஒரே அடியாக எடுப்பதில்லை. நாம் பக்கத்தைப் படிப்பதுபோல் மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரிவரை படித்து முடிக்கிறது. இப்போது வரும் விலை உயர்ந்த கேமராக்கள் கண் சிமிட்டுவதற்குள் பலமுறை படித்துவிடும். என்னுடையது கிழடு, எழுத்துக்கூட்டிப் படிக்கும். உள்ளே ஷட்டர் என்ற திரை ஓடினால் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. ஆனால் திரை ஓடினால் சத்தம் வரும். வசந்தம் முழுக்க நான் ஓர் ஆந்தைக் கூட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன், அதனால் சத்தமில்லாத முறையில் வைத்திருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். இந்த முறையில் மேல் வரியைப் படிக்கும்போது இங்கே இருந்த இறக்கை, கீழ் வரிக்கு வருவதற்குள் வேறெங்கோ சுற்றிப் போயிருக்கும். நேரான இறக்கை படத்தில் வாழைப்பழம் மாதிரி வளைந்து விழும்.

எனவே மூன்றும் வளைந்திருப்பதில் ஆச்சரியமில்லை. இரண்டு இறக்கைகள் வழுவழுவென்று வளைந்திருக்கின்றன. மூன்றாவதும் அப்படித்தான் போகிறது, நுனிக்குக் கொஞ்சம் முன்புவரை. அங்கே வெடுக்கென்று ஒரு மடிப்பு. மெதுவாகப் படிக்கிற கேமரா ஒன்றை வளைக்கும். மடிக்குமா?*

* எஞ்சின் கக்கும் சூடான காற்று குறுக்கே வந்தால் அப்படித் தெரியலாம். வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். காலையிலிருந்து இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மற்றப் படங்களில் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்பீர்கள். பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு கொத்துப் படம் எடுத்தேன்தான். ஆனால் ஆட்டோ ஃபோகஸும் அதே சென்சாரைப் படித்துத்தான் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். படிக்க நேரமெடுக்கும் கேமரா, நகர்கிற பொருளுக்கு எப்போதும் ஓரடி பின்னால் ஓடும். ஒரு படத்தில் பின்னாலிருக்கும் மரங்கள்தான் துல்லியம். மீதியில் பெரும்பாலும் அது ஆர்லனின் முகத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. முகத்தைக் கண்டால் அதன்மேல் ஒரு சிறு கட்டத்தைப் போட்டு விடாமல் தொற்றிக்கொள்ளும் கேமரா அது. கண் இமைகூட எண்ணலாம். இறக்கை நுனிகள் மட்டும் மசமசவென்று கலங்கிக் கிடக்கின்றன. நுனி தெளிவாக விழுந்த படம் ஒன்றே ஒன்று.

கேமராவைக் குறை சொல்லமாட்டேன். நானும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

வாசகருக்கு ஆர்லனைக் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு என்ன கவலை. காலையில் ஹெலிகாப்டர் தளத்தில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். கூட இருப்பவர் ரெஜான், கியூபெக்காரர், ஹெலிகாப்டரின் மெக்கானிக்.

"ஆந்தை எல்லாம் பறந்து போச்சா? கடைசில என்னைப் படமெடுக்க வந்துட்ட," என்றார் ஆர்லன்.

"ஆந்தை உன்ன விட அழகு. சொன்ன எடத்துல அசையாம உக்காரும்."

"தெனம் டோனட் குடு, நானும் உக்காருறேன்."

"அப்புறம் இந்த மிஷின் எப்பிடிய்யா எழும்பும்?" வால்பக்கம் குனிந்திருந்த ரெஜான் தலையைத் தூக்காமலே சொன்னார். "கொஞ்சறதெல்லாம் வீட்டுல வெச்சுக்கங்க. அங்க நெருப்புக்கிட்ட பசங்க தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"பாத்தியா மார்லிஸ், அவனுக்குப் பொறாமை."

"எனக்கெதுக்குப் பொறாமை? ரெண்டு தடவ கட்டிப் பாத்தவன் நான்."

[இங்கே ஆர்லன் என் காதருகே சொன்ன ஒன்றை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கதைக்குத் தேவையில்லை.]

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். நான் வேலிக்கு வெளியே போய்க் கேமராவைத் தூக்கினேன்.

5

போன் பண்ண வேண்டியதுதானே? வெர்னாவிடம் நானும் கேட்டேன்.

மலைக்குள் அவர் போன் எடுக்காது. தளத்துக்குப் பேசி, அவர்கள் ரேடியோவில் கூப்பிட வேண்டும். விமானிகளின் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஆள் மேலே இருக்கும்போது தளத்துக்குப் போன் செய்யக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருத்தி செய்தாள். நாய் விடாமல் ஊளையிடுகிறது, எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை, அவரை இறங்கச் சொல்லுங்கள் என்றாள். இறக்கினார்கள். ஹெலிகாப்டருக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் ரேடியோவில் வாயைத் திறந்தாலே மற்ற விமானிகள் எல்லோரும் ஊளையிடுவார்கள். சீசன் முடிவதற்குள் வடகோடியில் இருக்கும் யூகானுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்பிக்யூ விருந்தில் இந்தக் கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

சிரிப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. இன்று மலைச்சரிவில் இருபது பேர் மண்வெட்டியோடு நெருப்பை மறித்து நிற்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது ஆர்லனின் வாளி. மற்ற ஹெலிகாப்டர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. ஒரே ஒரு படத்தை நம்பி அவரை இறக்கிவிட்டு, அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பினால்?

ஆகவே கதாசிரியராக எனக்கு இரண்டு பக்கமும் பயம். இதைத்தான் நல்ல கதைக்கரு என்பார்கள். சொல்கிறவர்கள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

6

சரி, வெர்னா போன் செய்கிறாள். தைரியசாலி.

"மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான். 'அடி வெர்னா, அந்த ஓட்டக் கேமராவ ஏரில தூக்கிப் போடு. உன் புருஷன் வந்ததும் புதுசு வாங்கித் தரச் சொல்றேன்.' வெர்னாவும் சிரித்துவிட்டாள். அவன் சொன்னது சரிதான், எல்லாம் சென்சார் செய்யும் வேலை. சாயங்காலம் கணவன் உடம்பெல்லாம் புகைநாற்றத்தோடு வந்து சேர்ந்தான். கொல்லையில் சால்மன் மீன் வெந்துகொண்டிருந்தது. 'என்னடி விசேஷம்?' என்றான். 'ஒண்ணுமில்ல' என்றாள்."

இதை எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. எழுதியவளே தான் எழுதியதை நம்பிவிட்டாள். எழுந்துபோய் ஃப்ரீஸரிலிருந்து மீனைக்கூட எடுத்து வெளியே வைத்தேன்.

திரும்பி வந்து படித்தேன். மெக்கானிக் ஏன் இப்படிச் சிரிக்கிறான்? வெர்னா அவனிடம் பாதிதான் சொன்னாள், அதனால் சிரிக்கிறான். படத்தைச் சொன்னாள். மற்றதை விழுங்கிவிட்டாள். அவள் என்ன செய்வாள், பாவம். நான் அவளிடம் சொல்லவே இல்லையே.

7

நான்காம் பகுதியில் எடுத்துவிட்டதை இங்கே போடுகிறேன்.

"நேத்து சாயங்காலம் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் எனக்கு முத்தம் குடுக்கப் பாத்துச்சு, மார்லிஸ்," என்றார் ஆர்லன், காதருகே.

"குடுத்துச்சா?"

"சும்மா லேசா ஒரசியிருக்கும். ரெஜான்கிட்ட வாயத் தொறந்துறாத. இன்னிக்கு முழுக்க மிஷினப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்துருவான். அந்தப் பசங்க கதி என்ன?"

"ஆர்லன்."

"நான் நல்லாத்தான் பாத்தேன்டி. ஒண்ணுமில்ல. போயி படம் எடு."

போய்ப் படம் எடுத்தேன்.

ரெஜான் தினமும் காலையில் ஏணி வைத்து ஏறி இறக்கைகளைத் தடவிப் பார்ப்பார். இன்றும் பார்த்திருப்பார். ஆனால் மரத்தில் உரசியது தெரிந்து பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு. மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே விண்டிருக்கும். நான் வாயைத் திறந்தால் ஆர்லன் மறைத்தது வெளியே வரும். மறைத்த விமானியை மறுபடி பறக்க விடமாட்டார்கள். பறப்பதை விட்டால் அந்த மனிதருக்கு வேறெதுவும் தெரியாது, நான்கு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் என்னோடு சண்டை பிடிப்பார்.

என் மேல் ஆயுசுக்கும் கோபமாக இருப்பார்.

ஆயுசுக்கும் கோபமாக இருக்க ஆயுசு வேண்டும்.

இந்த வரிக்குப் பிறகு வெர்னாவைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன்.

8

"ரெஜான், நான் மார்லிஸ்."

"என்ன, உங்க வீட்டு நாயும் ஊளையிடுதா?"

"எங்க வீட்டுல நாய் இல்ல. காலைல எடுத்த படத்துல ஒரு ரெக்கை மடங்கித் தெரியுது."

சிரித்தார். நான் கதையில் எழுதிய அதே சிரிப்பு. "உன் கேமரா கெழடுன்னு நீயே எத்தன தடவ சொல்லியிருக்க? பத்து வருஷமா பாக்கறேன், படத்துல எல்லா ரெக்கையும் கோணலாத்தான்..."

"ரெஜான், நேத்து மரத்துல ஒரசியிருக்கு."

"யாரு சொன்னா?"

"ஆர்லன். உங்கிட்ட சொல்ல வேணாம்னான்."

சிரிப்பு நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார், டாக்டர்கள் கேட்கிற மாதிரி.

"மடிப்பு நுனிலயிருந்து எவ்ளோ உள்ள?"

"ஒரு கை நீளம் இருக்கும். படத்த அனுப்பட்டா?"

"அனுப்பு. லைன்லயே இரு. கட் பண்ணாத."

போனை எங்கோ வைக்கிற சத்தம். பிறகு தூரத்தில் அவர் குரல், ரேடியோவில்: "ஆர்லன், பக்கத்துல எங்க எடம் இருக்கோ அங்க எறக்கு. இப்பவே."

கரகரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து என் கணவரின் குரல்: "வாளி ரொம்பி இருக்கு. பசங்க தலைக்கு மேல நெருப்பு. இத மட்டும் கொட்டிட்டு..."

"எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டு எறக்குடா!"

"என்ன ஆச்சு?"

ரெஜான் என்ன ஆச்சு என்று சொல்லவில்லை. நான் சொன்னதாகவும் சொல்லவில்லை. மேலே இருப்பவருக்குக் கை நடுங்கக்கூடாது என்று இருக்கும்.

பிறகு இரைச்சல் மட்டும்.

9

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன். எழுதிக்கொண்டே இருந்தால் கதை முடியாது, முடியாத கதையில் யாருக்கும் எதுவும் நடக்காது. என் மூளை இந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டது.

முடிவுகள் என்று சிலவற்றை யோசித்து வைத்திருந்தேன்.

முதலாவது: மணல்திட்டு ஒன்றில் இறங்குகிறார். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இறங்கி வந்து மூன்றாவது இறக்கையின் நுனியைத் தொட்டுப் பார்க்கிறார். ஒன்றுமே இல்லை. என்னைக் கண்டபடி திட்டுகிறார், வேலை போகிறது, வீட்டில் சண்டை, ஊரே சிரிக்கிறது. இதைப்போல் ஒரு சந்தோஷமான முடிவை நான் எழுதியதே இல்லை.

இரண்டாவது: தொட்டுப் பார்க்கிறார். விண்டிருக்கிறது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுகிறார்.

இதற்கிடையில் சரிவில் இருக்கும் பிள்ளைகள்

இல்லை, காற்று திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டேன், இங்கே திரும்பவில்லை. அங்கே எப்படியோ.

மூன்றாவது என்று ஒன்று உண்டு. அது என்னவென்று உங்களுக்கும் தெரியும், நான் மூன்று என்ற எண்ணை மட்டும் போட்டு விட்டுவிடுகிறேன்.

இரைச்சல் நின்றுவிட்டது. யாரோ ஓடி வருகிற சத்தம். நாற்காலி ஒன்று விழுகிறது. போனைக் கையில் எடுக்கிறார்கள்.

"மார்லிஸ்? இருக்கியா?"

"இருக்கேன்," என்கிறேன்.

ரெஜான் மூச்சு வாங்குகிறார். ஓடி வந்ததாலா, அழுகையா, சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் யாராவது எழுதுங்கள். காற்று, நெருப்பு, யார் மேல் தவறு, அதெல்லாம் உங்கள் விருப்பம். முதலில் அவரை இறக்கிவிட்டு, பிறகு மற்றதை எழுதுங்கள்.