கடைசிப் படகு கரை சேரும் வரை

ஏரிக்கரையில் காரை நிறுத்த இடம் தேடித் தேடி அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பின் இருக்கையில் பன்னிரண்டு வயது மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த மிதிபடகுகளைப் பார்த்தபடி இருந்தாள்.

“படகுப் போட்டி ஆரம்பிச்சிருக்கும். எல்லாம் இவளால. செருப்பு மாட்டறதுக்கே ஒரு யுகம். ஆமைன்னு சும்மாவா கூப்பிடறேன்?”

“வழியெல்லாம் டீக்கு நிறுத்தினது ஆமையா, நீங்களா?” என்றாள் அம்மா.

அப்பா ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர். எல்லாக் கிளைகளிலும் முதலிடம் என்று பொறித்த கேடயம் அவர் மேசையில் எப்போதும் பளபளவென்று இருக்கும். போன மாதம் பள்ளி விளையாட்டு விழாவில் மகள் ஓடினாள். பாதித் தூரத்திலேயே அவள் கடைசி என்பது தெரிந்துவிட்டது. அவர் எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்கக் கோட்டைத் தாண்டிய மகள் நிமிர்ந்து பார்த்தபோது அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அன்றோடு அவள் மைதானத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஏரிக்கரை ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வெளியூரிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்களை மனதில் வைத்தே அந்தக் கரையை அமைத்திருந்தார்கள். கம்பித் தடுப்பில் சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். குடிநீர்க் குழாய்களில் பாதி, பிள்ளைகளுக்கு எட்டும்படி குட்டையானவை. குழந்தையோடு வருகிறவர்களுக்கென்று முன்வரிசையை யாரும் சொல்லாமலே காலியாக வைத்திருந்தார்கள். குப்பை என்று பார்த்தால் மருந்துக்குக்கூட இல்லை.

அவர்கள் பார்வையாளர் படிகளை நோக்கி நடக்கும்போது ஒலிபெருக்கி அழைத்தது. மதியம் வெளியூர்க் குடும்பங்களுக்குத் துடுப்புப் போட்டி. ஒரு படகில் இரண்டு பேர், பெற்றவர் ஒருவர், பிள்ளை ஒருவர்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். “ஆசைப்படறா. போயிட்டு வாங்களேன்.”

“இவளோடயா? இத்தனை பேர் முன்னாடி கடைசியா வந்து நிக்கறதுக்கா?”

மகள் குனிந்து, சரியாக இருந்த செருப்பு வாரை மறுபடி சரிசெய்தாள்.

படிகளில் அவர்கள் ஏறிய அதே நேரத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் நீளப் படகு ஒன்று எல்லைக் கயிற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. கைதட்டலில் படிகள் அதிர்ந்தன. அப்பாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவரும் கை சிவக்கத் தட்டினார்.

“பாரு, நல்லாப் பாரு. ஜெயிக்கிறவங்களுக்கு மரியாதைன்னா இதுதான். நீ ஓடி வந்தப்ப யாராவது எழுந்தாங்களா?”

மகள் படகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “நீங்க எழுந்தீங்கப்பா. எழுந்து போயிட்டீங்க.”

அப்பாவின் கைகள் அப்படியே நின்றன. பக்கத்தில் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய் நின்றிருந்த ஒரு பெண்மணி திரும்பினாள். அந்தக் கரையில் பேக்கரி வைத்திருப்பவள். போட்டிக்காகக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

“யாரு சார் ஜெயிச்சது? ஜெயிச்சவங்க அதோ கரையில தலை துவட்டிட்டு நிக்கறாங்க. இது கடைசிப் படகு.”

“கடைசியா? அப்புறம் எதுக்கு இந்தக் கொண்டாட்டம்?”

“எங்க ஊர்ல கடைசிப் படகு வந்து சேராம யாரும் கிளம்ப மாட்டோம். அது கயிறு தாண்டும்போது எல்லாரும் எழுந்து நிப்போம். முதல்ல வந்தவங்களுக்குக் கோப்பை இருக்கு. இவங்களுக்கு நாங்கதானே சார் இருக்கோம்? அதுவும் இவங்க தபால்காரங்க. எப்பவும் லேட்டுதான். ஆனா வந்து சேராம இருந்ததே இல்ல.”

அப்பா கரையைப் பார்த்தார். கோப்பை வென்றவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தபால்காரர்களின் படகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் துண்டையே எடுத்து, கடைசித் துடுப்புக்காரரின் தோளில் போர்த்தினான். யார் முகத்திலும் வெட்கமில்லை.

பிறகு பேக்கரிக்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். “அந்தக் குடும்பப் போட்டிக்கு எங்க போகணும்?”

மதியம் மிதவைச் சட்டை அவர் தொப்பைக்குப் பொருந்த மறுத்தது. ஒருவழியாக வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விசில் ஊதியதும் பலத்தையெல்லாம் சேர்த்துத் துடுப்பை வலித்தார். படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.

“அப்பா, நீங்க மட்டும் வேகமா போட்டா சுத்தத்தான் செய்யும். என்னோட சேர்ந்து போடுங்க.”

அவர் மகளின் கையைப் பார்த்துப் பார்த்துத் துடுப்பைப் போட்டார். படகு நேரானது. நடுவில் ஏதோ ஓர் இடத்தில், முதலும் இல்லாமல் கடைசியும் இல்லாமல், கயிற்றைத் தாண்டினார்கள். அவர்களுக்காக யாரும் எழவில்லை. பின்னால் ஒரு தாயும் பொடியனும் இன்னும் பாதித் தூரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கயிற்றை நெருங்கியபோது அப்பா துடுப்பைக் கீழே வைத்துவிட்டுப் படகிலேயே எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தார். படகு ஆடியது.

“சார், உட்கார்ந்தே தட்டுங்க. உங்களைத் தூக்க எங்ககிட்ட ஆளில்ல,” என்றது ஒலிபெருக்கி. கரை முழுவதும் சிரித்தது. மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கரையேறியதும் ஈரக் கையோடு கேட்டாள். “அடுத்த மாசம் ஸ்கூல்ல மறுபடி ஓட்டம் இருக்கு. பேர் கொடுக்கட்டுமாப்பா?”

“கொடும்மா. எத்தனாவதா வேணும்னாலும் வா. நீ கோட்டைத் தாண்டற வரைக்கும் நான் அங்கதான் நிப்பேன்.”

அம்மா துண்டை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டே அவர் தணிந்த குரலில் சொன்னார். “ஜெயிக்கிற பிள்ளைக்கு ஊரே கைதட்டும். பின்தங்கிப் போற பிள்ளைக்குத்தான் பெத்தவங்க வேணும். அந்த நேரத்துல எழுந்து போறவன், அப்பான்னு சொல்லிக்கிறதுல அர்த்தமே இல்ல.”