மூன்றாவது வாசல்

ஸ்கேன் அறையில் அன்று இருந்தவர்கள்: நான், என் தம்பி திருமேனிநாதன், என் மகளின் கணவர் செல்வகணபதி, இயந்திரத்தை இயக்கும் பிரிசில்லா, என் சிறுநீர்ப்பையில் குடியேறியிருந்த கட்டி. கட்டிக்கும் வருகைப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. அது கையெழுத்துப் போட்டிருந்தது. என் கையெழுத்தைப் போலவே இருந்தது.

பையின் சுவரில் உள்தோல், அதன் அடியில் மெல்லிய அடுக்கு, பிறகு தசை. கட்டி தசைக்கு இப்பால் நின்றிருந்தால் சுரண்டி எடுப்பார்கள். தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுப்பார்கள். எதுவரை வந்திருக்கிறது என்பதை இயந்திரம் சொல்லும்.

எங்கள் குடும்பத்தில் அழைக்காதவர் யாரும் இரண்டாவது வாசலைத் தாண்டியதில்லை. பிரிசில்லாவிடம் இதைச் சொன்னேன்.

"நல்லதுங்க ஐயா. இடுப்புல என்ன?"

"அருணாக்கொடி. வெள்ளி."

"கழட்டிருங்க."

எங்கள் வம்சத்தில் ஆணின் இடுப்பிலிருந்து அரைஞாண் ஒரே ஒரு முறைதான் இறங்கும். இறந்தபின் உடன்பிறந்தவன் அறுப்பான். போனவருக்கு அது தெரியாது.

"முடியாது," என்றேன்.

"கழட்டலேன்னா படம் மங்கிரும். எவ்வளவு ஆழம்னு தெரியாது."

"அண்ணே, உசுரு பெருசா, கொடி பெருசா?" என்றான் தம்பி. அவன் கையில் கத்தரி இருந்தது. தலை மொட்டையாக இருந்தது. காலையில் முடி இருந்தது.

"நீ எப்படா மொட்டை போட்ட?"

"வர்ற வழியிலண்ணே. கூட்டம் இல்ல."

மருமகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கல மாமா. இன்னும் பாக்கல."

யோசித்தேன். கொடி இறங்குவது கேவலம். உள்ளே வந்தவன் எதுவரை வந்தான் என்று வீட்டுக்காரனுக்கே தெரியாமலிருப்பது அதைவிடக் கேவலம். நானே கழற்றித் தட்டில் வைத்தேன்.

பலகை என்னை உள்ளே கொண்டுபோனது. குழாய் நீண்டது. முக்கால் மணி நேரம் போய்க்கொண்டே இருந்தேன்.

முதல் வாசல் வந்தது. வெளியே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. ஒழுங்காகத்தான் விட்டிருந்தார்கள்.

இரண்டாவது வாசல் திறந்திருந்தது. தரையில் ஈரக்கால் தடம். உள்ளே போன தடம் மட்டும்.

மூன்றாவது வாசல் சாத்தியிருந்தது. தட்டும் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

"மிஷின் சத்தம் ஐயா. பயப்படாதீங்க," என்றது பிரிசில்லாவின் குரல்.

"அந்தப் பக்கத்துலருந்து தட்டுறாங்க."

"அப்ப அங்கதான் இருக்காங்க. அசையாதீங்க."

அசையவில்லை. "யாரு?" என்று கேட்டேன். தட்டுவது நின்றது. உள்ளேயிருந்து என் குரலில் "யாரு?" என்று கேட்டார்கள்.

வெளியே வந்தபோது தட்டு காலியாக இருந்தது. தம்பி கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மருமகன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அழ ஆரம்பித்தார்.

பிரிசில்லா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் நிறத் தசைக்குள் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் வெள்ளி மின்னியது.

"தசைக்குள்ள வந்துட்டாங்க ஐயா. பையை எடுக்கணும்."

"யாரு கதவைத் திறந்து விட்டது?"

"பூட்டு உடையலையே ஐயா."

என் அரைஞாணைத் தம்பிதான் அறுத்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நானே கழற்றினேன். கழற்றும்போது உயிரோடு இருந்தேன்.