பசு எந்தப் பக்கம்?

எங்கள் மெனோர்காத் தீவில் நடைவழிகள் எல்லாம் மேய்ச்சல் நிலங்களை ஊடறுத்துத்தான் போகும். ஒவ்வொரு கல்சுவரிலும் ஒரு படல் இருக்கும். திறந்திருந்தால் திறந்தபடியே விடவேண்டும். மூடியிருந்தால் நாம் கடந்தபின் மூடவேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம், மாடு எந்தப் பக்கம் என்பது பண்ணைக்காரருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியாது. அதனால் நாம் ஒன்றும் முடிவு செய்யக்கூடாது. நடக்கப் பழகும் வயதிலேயே இதை எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு அது. நானும் என் கணவன் கியேமும் எஸ் கிராவ் ஏரியைச் சுற்றியுள்ள இயற்கைப் பூங்காவுக்குப் போனோம். வாரம் முழுக்க நான் தீவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு நாளாவது நடந்து போய்க் கடலில் இறங்கவேண்டும் என்பது என் ஆசை. கியேமின் பெரியப்பா மகள் எவுலாரியாவின் பண்ணை பூங்காவை ஒட்டியது. வண்டியை அங்கே நிறுத்திவிட்டுக் காப்பி குடித்தோம்.

எவுலாரியா நின்றுகொண்டே குடித்தாள்.

"கபித்தானா இன்னிக்கோ நாளைக்கோ ஈனும். தலைச்சன். கீழ்மேய்ச்சல்ல விட்டிருக்கேன். போன வருஷம் ஒருத்தி ஏரிச் சேத்துல போய் ஈன்னா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னுக்குட்டி முங்கிடுச்சு. இந்த வருஷமும் அப்படின்னா நான் மாட்டையெல்லாம் வித்துட்டு டவுன்ல போய் உக்காந்துடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"அக்கா, நாங்க அந்தப் பக்கமாத்தானே போறோம், பாத்துக்கறோம்" என்றான் கியேம்.

"நீ ஒண்ணும் பாக்க வேணாம்டா. உன் கை பட்டா நல்லா இருக்கறதும் கெட்டுடும். படலைப் பாத்தது பாத்தபடி விடு, அது போதும். நான் மருந்து வாங்க மாவோ டவுன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

கீழ்மேய்ச்சலின் கடைசிப் படலுக்கு வந்தோம். அதைத் தாண்டினால் ஏரி, நாணல், சேறு. படல் ஆவென்று திறந்து கிடந்தது.

கியேம் என்னைப் பார்த்தான். "மூடிடலாம். கபித்தானா இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"இருக்குன்னு அக்கா சொன்னாங்க. நீ பாத்தியா?"

"பாக்கல. இவ்வளவு புதரு, எங்கயாவது படுத்திருக்கும்."

"ஒருவேளை அது ஏற்கெனவே வெளிய போயிருந்தா? இப்ப மூடினா சேத்துப் பக்கம் வச்சு அடைச்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப திறந்தே விடலாம்."

"உள்ள இருந்தா? திறந்த படல் வழியா நேரா சேத்துக்குத்தானே போகும்?"

கியேம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீ எந்தக் கட்சி, தமியானா? அதைச் சொல்லு முதல்ல."

எனக்கே தெரியவில்லை. ஒரே படல், இரண்டு நியாயம். பசு உள்ளே இருந்தால் மூடுவது அதைக் காக்கும்; வெளியே இருந்தால் அதே மூடல் அதைக் கொல்லும். பசு எங்கே என்பதுதான் கேள்வி, படல் அல்ல. நான் சுவர்மேல் ஏறி மேய்ச்சலை முழுக்கப் பார்த்தேன். மற்ற எட்டு மாடுகள் தெரிந்தன. புதர்களும் பள்ளங்களும் நிறைய. கீழே இறங்கியபோது கியேம் செருப்பை உதறிக்கொண்டிருந்தான். போன் செய்து பார்த்தோம், சிக்னல் இல்லை. கடைசியில் சிறு வயதில் கற்றதையே பிடித்துக்கொண்டோம். பார்த்தபடி விட்டோம்.

கால்மணி நேரம் நடந்தோம். மணல்மேடு தெரிந்தது, கடலின் சத்தம் கேட்டது. என் காலோ முன்னே போகவில்லை.

"திரும்பிப் போய் ஒரு தடவை பாத்துடலாம்."

"எனக்குத் தெரியும் நீ இதைச் சொல்லுவேன்னு. கேஸ் அடுப்பு, வீட்டுப் பூட்டு, இப்ப படல்."

திரும்பிப் போனோம். படல் மூடியிருந்தது.

"பாத்தியா, யாரோ மூடிட்டாங்க. அக்கா வந்துட்டுப் போயிருப்பாங்க. பசு உள்ள இருக்கு, முடிஞ்சது" என்றான் கியேம்.

நான் படலை நன்றாகப் பார்த்தேன். இங்கே படல்களைக் காட்டு ஆலிவ் மரத்தின் வளைந்த கிளைகளால் செய்வார்கள். சுழலும் கம்பத்தை நேராக நிறுத்தாமல் சற்றே சாய்த்து நிறுத்துவார்கள். படலைத் திறக்கும்போது அதன் மறுமுனை ஒரு சாண் மேலே ஏறும். கையை எடுத்தால் தன் எடையாலேயே இறங்கி வந்து மூடிக்கொள்ளும். மூடியபின் மனிதர் செய்யவேண்டியது ஒன்றுதான், மேலேயுள்ள மர வளையத்தைத் தூணில் மாட்டுவது. அந்த வளையம் இப்போது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் மூடல. மூடினவங்க வளையத்தை மாட்டாம போகமாட்டாங்க. அதுவே மூடிக்கிட்டது."

"அதுவே மூடிக்கும்னா காலைல எப்படித் திறந்து கிடந்தது?"

"ஏதாவது முட்டுக் குடுத்திருக்கணும். கல்லு மாதிரி."

கியேம் தரையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "இங்க ஒரு கல்லு இருந்தது. செருப்புல முள்ளு. உக்காந்து எடுக்கலாம்னு கொஞ்சம் நிழல் பக்கமா இழுத்துப் போட்டேன்."

"எவ்வளவு கொஞ்சம்?"

மூன்று அடி. கல் இன்னும் அங்கேயே இருந்தது. கல் போனபின்னும் படல் புல்லில் சிக்கி நின்றிருக்கும்; காற்று ஒருமுறை அசைத்திருந்தால் போதும்.

அப்படியானால் யாரோ வேண்டுமென்றேதான் படலைத் திறந்து, முட்டுக்கல் வைத்திருக்கிறார்கள். யார், எதற்கு? நான் குனிந்து மண்ணைப் பார்த்தேன். மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்ததால் புழுதி மாவுபோல இருந்தது. எங்கள் செருப்புத் தடங்கள் தெரிந்தன. அவற்றின் மேலேயே குளம்புத் தடங்கள். குளம்பின் கூர்முனை மாடு போகும் திசையைக் காட்டும். ஏரிப் பக்கமிருந்து படல்வரை வந்து, அங்கே மிதிமிதியென்று மிதித்து, மறுபடி ஏரிப் பக்கமே திரும்பியிருந்தது. பக்கத்தில் சாணம், ஈரம் காயாமல்.

நாங்கள் போனபிறகு கபித்தானா வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. படல் மூடியிருந்ததால் காத்து நின்றுவிட்டுச் சேற்றுக்கே போய்விட்டது.

 படலைத் திறந்து கல்லை உருட்டி வைத்துவிட்டு, கடல்வழியை விட்டு விலகிப் போன தடத்தைப் பிடித்து ஓடினோம்.

நாணல் பகுதியில் சேற்றுக்குமேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பறவை பார்க்க வருகிறவர்களுக்காக. அதன் இந்த முனையில் ஏழெட்டு வெளியூர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள், டிக்கெட் வாங்க நிற்பதுபோல.

"பசு நகரமாட்டேங்குது" என்றார் முதலில் நின்றவர். "இது பூங்காவோட மாடா? நாங்க தாண்டிப் போகலாமா, காத்திருக்கணுமா?"

பின்னாலிருந்த அம்மாள், "காத்திருக்கணும்னு போர்டுல போட்டிருக்கு" என்றாள். போர்டு வாத்துகளைப் பற்றியது.

கபித்தானா பலகைமேல் ஈன்றிருந்தது. காய்ந்த இடம் அது ஒன்றுதான். ஆனால் பலகை இரண்டு முழ அகலம். கன்று வழுக்கி, முன்னங்கால் இரண்டும் பலகையில், பின்பாதி சேற்றில். தாய் அதன் தலையை நக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை நக்கும்போதும் கன்று ஒரு விரல்கடை கீழே போனது.

கியேம் சேற்றில் குதித்தான். இடுப்புவரை இறங்கியது.

"பின்னங்காலைப் பிடிச்சு இழுக்காதே, அடியில கையைக் குடு!" என்று கத்தினேன். சேறு உறிஞ்சிப் பிடிக்கும். கையை உள்ளே விட்டுக் காற்றுப் போக வழி செய்தால்தான் விடும்.

"நீ வந்து குடேன்!"

"நான் மேல பிடிச்சிருக்கேன்ல!"

சளக்கென்று ஒரு சத்தம். கன்று என் மடியில் வந்து விழுந்தது, கனமாக, வெதுவெதுப்பாக. மூச்சு வரவில்லை. மூக்கில் அடைத்திருந்த சேற்றை விரலால் வழித்து, நாணல் துண்டை உள்ளே விட்டுக் கிண்டினேன். தும்மியது.

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த அம்மாள், "இப்ப போகலாமா?" என்று கேட்டாள்.

கியேம் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க, கபித்தானா அவன் முதுகை முகர்ந்தபடி பின்னாலேயே வந்தது. படலருகே எவுலாரியாவும் பூங்காக் காவலர் சில்வெஸ்த்ரேயும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் படலைத் திறந்து கல்லு வைக்க நீ யாருய்யா?"

"காலைல ஆறு மணிக்குப் பாத்தேன் எவுலாரியா, மாடு ஏரிப் பக்கம் நிக்குது. திரும்பி வரட்டும்னு திறந்து வச்சேன். உனக்கு நாலு தடவை போன் பண்ணேன்."

"பொய். நேத்து ராத்திரி மாடு உள்ள இருந்தது. நானே வளையத்தை மாட்டினேன்."

"நான் வரும்போதும் மாட்டித்தான் இருந்தது. சத்தியமா."

"மாட்டின படலைத் தாண்டி எப்படி வெளிய வரும்? பறந்து வந்துச்சா?"

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள், நான் பதில் சொல்வேன் என்பதுபோல. சுவரில் இடைவெளி இருக்கலாம். யாராவது திறந்துவிட்டுப் பிறகு ஒழுங்காக மாட்டியிருக்கலாம். கல்லை நகர்த்தியது நாங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கியேமே சொல்லிவிட்டான்.

எவுலாரியா அவனைத் திட்டவில்லை. அவன் தோளிலிருந்து கன்றை வாங்கிப் புல்லில் நிறுத்தினாள். அது நான்கு காலையும் நான்கு திசையில் வைத்துக்கொண்டு ஆடியது. தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே முட்டித் தேடியது, பிறகு என் முழங்காலில் தேடியது.

"அக்கா, அப்ப யாருதான் மாட்டை வெளிய விட்டது?" என்றான் கியேம்.

"சும்மா இருடா" என்றாள் எவுலாரியா. மண்டியிட்டு, பால்காம்பைக் கன்றின் வாயில் வைத்து அழுத்தினாள். முதல் இரண்டு முறை துப்பியது. மூன்றாம் முறை உறிஞ்சும் சத்தம் கேட்டது.