அக்கா ஏறப்போகும் படகுக்கு எந்தத் தரை?

1.

செப்டம்பர் 14. ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது. நேற்றைய வரைவில் அத்தான் படகின் காற்றை இறக்கி, சுருட்டி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அதற்கு நான் போட்டிருந்ததோ மரப்பலகைத் தரை. பலகையைச் சுருட்டிய முதல் மனிதர் என் அத்தானாகத்தான் இருப்பார். கதை எழுதக் கற்கும் மாலை வகுப்பில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. படகு எதன் குறியீடு என்றுதான் வெகுநேரம் பேசினார்கள்.

இந்தக் கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில். கூடத்தில் ஒரு காற்றுப் படகு கிடக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். வேறு எதைப் பற்றி எழுதுவது?

2.

தொடக்கம், முதல் முயற்சி: "கடல் அவரை அழைத்தது." (அடித்துவிட்டேன். அழைத்தது படகுக் கடைக்காரர். போகப்போவது ஏரிக்கு.)

இரண்டாவது: "லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு ஆழம் என்றால்..."

(வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் முட்டுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.)

நடந்ததையே சொல்கிறேன். போன கோடையில் அத்தான் ஒரு நண்பரின் படகில் அக்காவை அழைத்துப் போனார். அதற்குத் தரையே கிடையாது. அடியில் வெறும் ரப்பர்த் துணி. அக்கா கால் வைத்ததும் அது தொய்ந்தது. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தாள். அத்தான் கை கொடுக்கவில்லை, படம் எடுத்தார். அந்தப் படம் அவருடைய வேலையிடம் முழுக்கச் சுற்றி வந்தது. அன்றிலிருந்து அக்கா விடுமுறை நாளில் அவரோடு எங்கேயும் போவதில்லை. அத்தானும் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், ஒரு படகை வாங்கிவிட்டார். (இப்படி ஒரு கணவர் நம்பும்படியாக இல்லை என்றார்கள் வகுப்பில். வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன்.)

ஒரே ஒரு தடவை வருவதாக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறாள். காலடி ஆடினால் அதோடு சரி.

3.

கடைக்காரர் இரண்டு தரைகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒன்றை நாளை மாலைக்குள் திருப்பித் தரவேண்டும். பலகைத் தரை கெட்டி. ஆனால் கனம், பூட்டுவதற்குள் விரல் நசுங்கும். காற்றுத் தரையைப் பம்பால் அடித்தால் விறைத்துக்கொள்ளும். பிறகு சுருட்டி மாடிக்குத் தூக்கிவரலாம்.

இன்று அத்தான் கூடத்திலேயே இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஏறி நின்றார், குதித்தார், என்னையும் குதிக்கச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, எல்லோரும் நலம்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார். இரண்டு தரையும் இம்மிகூட அசையவில்லை. அப்படியானால் காற்றுத் தரையே போதும் என்று அத்தான் தீர்ப்பு வழங்கினார்.

"அடியில டைல்ஸ் இருக்குங்க," என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை.

"கீழ்த்தளத்துல தரையோட தரையா உக்காந்திருக்கிற லிஃப்ட்டுல குதிச்சுப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அத்தான் படகைவிட்டு இறங்கினார். (இங்கே 'அவருக்குள் ஏதோ உடைந்தது' என்று எழுதியிருந்தேன். ஒன்றும் உடையவில்லை. காது சிவந்தது, அவ்வளவுதான்.) பம்பைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னைக்குக் கை குடுத்திருக்கணும்."

"அதைச் சொல்ல ஒரு படகு வாங்கணுமா?"

பிறகு, இரண்டு தரையையும் தண்ணீரில் போட்டே பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

4.

முடிவுகள்:

அ) பலகைத் தரை. அக்கா அசையாமல் நிற்கிறாள். அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது.

ஆ) காற்றுத் தரை. லேசாக ஆடுகிறது, அவர் கை நீட்டுகிறார், அவள் பற்றிக்கொள்கிறாள். (வகுப்பே கைதட்டும். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.)

இ) அவர் கை நீட்டுகிறார். அவள் அதைப் பார்க்கிறாள், பிடிக்காமல் தானே...

வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏறாத படகில் அக்காவை நான் நிற்கவைக்க முடியாது; அவளைக் கேட்காமல் ஒரு தடவை படம் எடுத்தாயிற்று, அது போதும்.

நாளை: இருட்டு விலகும் முன் எழவேண்டும். இரண்டு தரையையும் ஏரிக்குக் கொண்டுபோகவேண்டும். பலகைகளை நான் தூக்கவேண்டும்.