எந்தக் காதை நம்புவது

சறோஜினிதேவிக்கு முதலில் சந்தேகம் வந்தது ஆர்மோனியத்தின் மேல்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம். வேலணையில் அவள் சங்கீதம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இசைவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து பாடும் குழுப்பாட்டு. மூன்று வயலின், இரண்டு புல்லாங்குழல், ஒரு வீணை, மிருதங்கம், ஆர்மோனியம் என்று அதற்கு ஒரு வாத்தியக்குழு. அதன் பிறகு நாலு பிள்ளைகளின் தனிப்பாட்டு. பதினொரு வருசமாக இவ்வளவையும் அவள்தான் பழக்கி மேடையேற்றி வந்தாள். ஒரு பிள்ளை சுருதியில் நூலளவு இறங்கினாலும் முகத்தைத் திருப்பாமலே யாரென்று சொல்லிவிடுவாள் என்று அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர்.

அந்தக் கிழமை குழுப்பாட்டு பழகும்போது கீழே எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேலே போகப் போகத்தான் கோணல். மேல் ஸட்ஜம் என்ற உச்ச ஸ்வரத்துக்கு வந்ததும் முப்பத்திரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கி நின்றார்கள். ஒருவர் இருவரென்றால் பரவாயில்லை. எல்லாரும் எப்படி ஒரேயளவு இறங்குவார்கள்? யோசித்துப் பார்த்தாள். பிள்ளைகள் ஆர்மோனியப் பெட்டியைக் கேட்டுத்தானே பாடுகிறார்கள், பெட்டி இறங்கினால் அவர்களும் இறங்கத்தான் செய்வார்கள் என்று பட்டது. கடற்காற்றில் பெட்டிக்குள் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகள் பழுதாவது புதினமில்லை.

ஆர்மோனியம் வாசித்தவர் அம்புறோஸ் மாஸ்ரர். கணக்குப் படிப்பிப்பவர். ஞாயிறு பூசைக்கு ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோயிலில் ஓகன் வாத்தியமும் அவர்தான் வாசிப்பார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மேல்கட்டைகளை ஒவ்வொன்றாக அமர்த்திப் பார்த்தார். தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார். மேலே இருக்கிற நாக்குகளை அராவித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விழா நாறிப்போகும் என்றாள் அவள். சனிக்கிழமை திருத்துகிறவரிடம் கொண்டுபோவதாக அவர் ஒத்துக்கொண்டார்.

அவளுடைய இடது காதைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாளைக்கு முன், அவள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒழுங்கைக்கு அப்பால், பனங்காணிக்குள் கடற்பக்கமிருந்து கடற்படை அடித்த செல் குண்டு ஒன்று விழுந்து வெடித்தது. சைக்கிளோடு விழுந்தாள். காயமில்லை. சீலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போய் முதலாம் பாடமும் எடுத்தாள். இடது காதுக்குள் மட்டும் ஒரு சில்வண்டு இரையத் தொடங்கியது. இரண்டு நாளில் நிற்கும் என்று பார்த்தாள், நிற்கவில்லை. இரைகிற காதுதானே பழுதான காது என்று நினைத்து, பழக்க நேரங்களில் அதற்குள் பஞ்சு வைத்து அடைத்தாள். வலது காது அமைதியாக இருந்தது. அதையே நம்பினாள்.

திங்கட்கிழமை அம்புறோஸ் மாஸ்ரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, சரிப்படுத்தியாயிற்று என்றார். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பழைய மாதிரியேதான் இருந்தது. அதற்குமேல் அவரைக் கரைச்சல்படுத்த அவளுக்கு வாய் வரவில்லை. வயலின்காரப் பிள்ளைகளைப் பிடித்து, மேலே வரும்போது விரலைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னாள். ஏற்றி வைத்தார்கள். அவளுக்குச் சரியாகக் கேட்டது. பிள்ளைகளோ ஆளையாள் பார்த்தார்கள். வீணை வாசித்த மனோகரி, வீணையில் மெட்டுகள் அசையாமல் ஒட்டியிருக்கின்றனவே, எப்படி ரீச்சர் ஏற்றுகிறது என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். தந்தியைக் கொஞ்சம் இழுத்து வாசி என்று சொல்லிவிட்டு அப்பால் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் குழப்பம்தான். காலையில் ஒருமாதிரிக் கேட்டது பின்னேரம் வேறுமாதிரிக் கேட்டது. பிள்ளைகள் அவள் கையைப் பார்த்தால் ஏறினார்கள், பெட்டியைக் கேட்டால் இறங்கினார்கள். வீட்டில் அடுப்படியில் நின்று தனியே பாடிப் பார்த்தாள். தன் குரலே மேலே போனதும் யாரோ இன்னொருத்தியின் குரல் மாதிரி இருந்தது. புருசன் பாலசிங்கம், தெற்கே காலி நகரில் கலவரத்தில் கடை எரிந்தபிறகு ஊரோடு வந்துவிட்ட மனுசன். பாட்டுக்கும் அவருக்கும் தூரம். ஏன் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறீர் என்று மட்டும் கேட்டார்.

விழா பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கியது. பொழுதுபடுமுன் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்று அதிபர் சிவக்கொழுந்து அப்படி வைத்திருந்தார். மண்டபம் நிறையச் சனம். மண்டைதீவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசைக் கதிரையில் பிரதம விருந்தினராக, இளைப்பாறிய கல்வி அதிகாரி மயில்வாகனம் இருந்தார்.

முதல் நிகழ்ச்சி குழுப்பாட்டு. தீவைச் சுற்றிய கடலைப் பற்றி அதிபர் எழுதி, அவள் மோகன ராகத்தில் மெட்டமைத்தது. பல்லவி நன்றாகப் போயிற்று. அநுபல்லவியில் மேல் ஸட்ஜத்துக்கு ஏறுகிற இடம் வந்தது. பிள்ளைகள் இறங்குவதாக அவளுக்குக் கேட்டது. கையை உயர்த்தி, இன்னும் மேலே என்று காட்டினாள். அவளுக்கு எதிரே நின்ற பாதிப்பேர் ஏறினார்கள். ஆர்மோனியத்துக்குக் கிட்ட நின்ற பாதிப்பேர் ஏறவில்லை. அம்புறோஸ் மாஸ்ரர் அந்த ஸட்ஜத்தையே அமர்த்திப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், பலமாகக் காற்றை அடித்தார். அவளுக்கு ஆத்திரம் வந்தது. கையை இன்னும் உயர்த்தினாள். வயலின்கள் ஒரு பக்கம், புல்லாங்குழல்கள் ஒரு பக்கம் போயின. மிருதங்கம் மட்டும் தன்பாட்டில் நடந்தது. பிறகு அதுவும் நின்றது. இரண்டு சின்னப் பிள்ளைகள் பாடுவதா விடுவதா என்று தெரியாமல் இன்னும் ஒரு வரி பாடி முடித்தார்கள். பாட்டு இவ்வளவுதானாக்கும் என்று பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

அதிபர் அவசரமாக எழும்பி, அடுத்ததாகச் செல்வி நாகபூசணியின் தனிப்பாட்டு என்று அறிவித்தார்.

நாகபூசணி மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, பத்தாம் வகுப்பு. நடந்த குழப்பத்தில் பயந்துபோயிருந்தாள். மேடை நடுவில் வந்து இருந்து, ஒருவரையும் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தொடங்கினாள். சறோஜினிதேவி பக்கவாட்டில் நின்று கையால் காட்டினாள், கண்மூடியிருந்தவள் அதைக் காணவில்லை. மேலே போன ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை இறங்குவதாகக் கேட்டது. ஆனால் மண்டபம் அசையாமல் இருந்தது. முன்வரிசையில் மயில்வாகனம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சுருதி விட்டுப் பாடுகிற பிள்ளையை இவர்கள் ஏன் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. மரியாதைக்கோ? பரிதாபத்துக்கோ?

வியர்வையில் ஊறி இடது காதை அரித்த பஞ்சை அவள் யோசியாமல் இழுத்தெடுத்தாள்.

உடனே மேடையில் இரண்டு பிள்ளைகள் பாடினார்கள். ஒருத்தி சரியாக, ஒருத்தி பிழையாக, ஒரே சொல்லை. அவள் திடுக்கிட்டு வலது காதை விரலால் பொத்தினாள். சில்வண்டின் இரைச்சலுக்குள்ளால் மேல் ஸட்ஜம் வந்து, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இடது காதைப் பொத்தினாள். அது கீழே விழுந்தது. திரும்ப வலது, திரும்ப இடது. முன்வரிசைச் சனம் பாட்டை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கியது. காதுக்குள் ஏதோ பூச்சி போய்விட்டது என்று நினைத்து அதிபர் ஒரு பிள்ளையைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார்.

பாட்டு முடிந்து சனம் கை தட்டியபோது அவள் திரைக்குப் பின்னால் போய் அம்புறோஸ் மாஸ்ரரைக் கூப்பிட்டாள்.

"மாஸ்ரர், பெட்டியைச் சரிப்படுத்தினனான் எண்டு சொன்னியள். என்ன செய்தனீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஒண்டும் செய்யேல்லை, ரீச்சர். கோயிலுக்குக் கொண்டுபோய் ஓகனோடை வைச்சுப் பாத்தனான். ரண்டும் ஒண்டாய்த்தான் நிண்டது."

"அப்ப ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"ஓகனும் பழசு. எனக்கும் அம்பத்தாறு வயசு. நீங்கள் பிழையெண்டு சொன்னால் நான் என்ரை காதைத்தான் சந்தேகப்படுவன். ஆனால் நாக்கை அராவினால் திருப்பி ஒட்டேலாது. அதுதான் அப்பிடியே கொண்டந்து வைச்சனான்."

"நாகபூசணி மேலை சரியாய் நிண்டவளோ?"

"ஓம். சரியாய்த்தான் நிண்டவள்."

கோபப்பட வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. செல் விழுந்ததையும், காதுகள் இரண்டும் இரண்டு கதை சொல்வதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். அதற்குள் வெளியே மற்ற மூன்று தனிப்பாட்டுகளும் முடிந்திருந்தன. மயில்வாகனம் உரையாற்ற எழும்பியிருந்தார்.

சறோஜினிதேவி மேடைக்குப் போனாள். அவரைக் கும்பிட்டு, ஐந்து நிமிசம் பொறுக்கச் சொன்னாள். அவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். குழுப்பாட்டுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரையும் வரச் சொல்லி நிறுத்தினாள். பிறகு சனத்தைப் பார்த்து, ஒலிவாங்கி இல்லாமலே சொன்னாள்.

"முதல் பாட்டிலை பிள்ளையள் பிழை விடேல்லை. பிழை விட்டது நான். எனக்குக் காது சரியாய்க் கேக்குதில்லை. இப்ப திரும்பப் பாடுவினம். அம்புறோஸ் மாஸ்ரர் தாற சுருதிதான் சுருதி."

இது நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ, வேறேதுமோ என்று சனத்துக்குப் பிடிபடவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு தாய் மகளைப் பார்த்து, பயப்படாமல் பாடு என்று கைகாட்டினாள். சறோஜினிதேவி பஞ்சை வலது காதுக்குள் வைத்தாள்.

அநுபல்லவி வந்தபோது கையைக் கீழே போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஒரு கணம் தடுமாறினார்கள். பிறகு பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். சில்வண்டு காதுக்குள் ஓயாமல் இரைந்தது. அதற்கு அப்பாலிருந்து முப்பத்திரண்டு குரலும் வந்தன. ஒன்றாக நின்றனவா என்று அவளால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்புறோஸ் மாஸ்ரர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியபடியால் சரியென்று எடுத்துக்கொண்டாள். சனம் நெடுநேரம் கை தட்டியது. அதில் எவ்வளவு பாட்டுக்கு, எவ்வளவு தனக்காக என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது, இரண்டு தரம் பாடியதில் எது நல்லாய் இருந்தது என்று, விழாவுக்கு வந்திருந்த புருசனைக் கேட்டாள்.

"எனக்கு ரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டது," என்றார் பாலசிங்கம். "நீர் காது கேக்கேல்லையெண்டு சொன்னதுதான் எனக்குப் புதுசு. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான், உங்களுக்குச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன் என்றாள். அவர் அவளுடைய சைக்கிளை வாங்கிக் கொட்டிலுக்குள் விட்டார்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய் டொக்ரரைக் கண்டாள். அவர் கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டித் தட்டி இரண்டு காதிலும் வைத்துப் பார்த்தார். இரண்டுமே அடிபட்டிருக்கிறது, இடது இரைந்தாலும் சுருதி சரியாகக் கேட்கிறது, வலது இரையாமல் இருந்துகொண்டு மேலே உள்ளதை இறக்கிக் காட்டுகிறது என்றார். மாறவும் கூடும், மாறாமல் விடவும் கூடும், இடதும் அப்படி ஆகவும் கூடும். எப்போது தெரியும் என்று கேட்டாள். சொல்லேலாது என்றார்.

இனி இடது காதையும் எத்தனை நாளைக்கு நம்புவது?

திங்கட்கிழமை அதிபரிடம் போய், சங்கீத பாடத்தை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னாள். வேறு யார் இருக்கிறார்கள், போய்ப் படிப்பியுங்கோ என்றார் அவர். அவள் வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் வழமைபோல எழும்பி நின்றார்கள். புதுக் கீர்த்தனை ஒன்றைச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளைப் பாட விட்டாள். மேலே வந்ததும் நிறுத்திவிட்டு, இப்போது நீங்கள் பாடியது ஏற்றமா இறக்கமா, கையை உயர்த்திச் சொல்லுங்கோ என்றாள். ஏற்றம் என்று பதினேழு கை எழும்பியது. இறக்கம் என்று பதினைந்து.

சறோஜினிதேவி அந்தக் கைகளைத் திரும்ப ஒருமுறை எண்ணினாள். பிறகு நாகபூசணியை அனுப்பி, அட்சரகணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த அம்புறோஸ் மாஸ்ரரைக் கூப்பிட்டாள். அவர் சோக்குக் கட்டியோடு வாசலில் வந்து நின்று, பிள்ளைகள் திரும்பப் பாடியதை முழுவதும் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னொருக்காப் பாடச் சொல்லுங்கோ," என்றார்.